டிரேஸ் செய்துவிட்டு விலகிய பின் பிஐடி 1 சாவது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒரு கன்டெய்னருக்குள் (ஹோஸ்ட் கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த சூழல்) பிஐடி 1 ஆக, அதாவது அதன் முதல் செயல்முறையாக, ஓடும் நிரல் ஒன்றில் ஏதோ பிழை இருந்ததால், ஹோஸ்டிலிருந்து ஜிடிபி என்ற டீபக்கரை அதன்மேல் பொருத்தி, இரண்டு பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடங்கள்) வைத்துப் பார்த்துவிட்டு, முறையாக விலகியிருக்கிறீர்கள். நிரல் எந்தக் குறையும் இல்லாமல் தொடர்ந்து ஓடியிருக்கிறது. ஆனால் அடுத்த நாள், கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று வழக்கம்போல பிஐடி 1-க்கு சிக்-டெர்ம் என்ற, முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னலை அனுப்பியபோது, இதுவரை அதைச் சட்டை செய்யாமல் இருந்த நிரல் அந்த முறை செத்துவிழுந்து, கன்டெய்னர் முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. லினக்ஸின் மையமான கெர்னல் 3.10 வரிசையைச் சேர்ந்தது. டீபக்கர் போட்டது காரணமாக இருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. கொல்லக் கூடாத ஒரு செயல்முறை டிரேஸ் செய்யப்படும்போது, அதாவது டீபக்கர் போன்ற இன்னொரு நிரலால் பின்தொடரப்படும்போது, கெர்னல் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை, ஆம். நீங்கள் வைத்த பிரேக்பாயின்ட்டில் நிரல் முதல் முறை போய் நின்ற அந்தக் கணத்திலேயே அதன் பாதுகாப்பு போய்விட்டது. விலகியபோது அது திரும்பி வரவில்லை. திரும்பி வருவதற்கு வழியும் இல்லை. இதை விளக்குவதற்கு முன், அந்தப் பாதுகாப்பு கெர்னலுக்குள் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எல்லாத் திரெட்டுகளும் பகிர்ந்துகொள்ளும் சிக்னல் அமைப்பு ஒன்று உண்டு. அதில் ஃபிளாக் என்று ஒரு புலம்; அந்தப் புலத்தில் சிக்னல்-அன்கில்லபிள் என்று ஒரே ஒரு பிட், பதினறும எண்முறையில் 40. கணினியின் முதல் செயல்முறையான இனிட் ஆனாலும் சரி, ஒரு பிஐடி பெயர்வெளியின் (கன்டெய்னர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் செயல்முறை எண்களின் வட்டம்) முதல் செயல்முறை ஆனாலும் சரி, அது உருவாகும் தருணத்தில் ஃபோர்க் செய்யும், அதாவது புதிய செயல்முறையை உருவாக்கும், கெர்னல் நிரல் இந்த பிட்டை ஏற்றிவிடுகிறது. வேறு நிரலாக எக்செக் செய்துகொண்டாலும் பிட் நிலைத்திருக்கும். அதன் பிள்ளைகளுக்கு மட்டும் போகாது. இந்த பிட் இருக்கும்வரை, அந்தச் செயல்முறை தானே கையாளுநர் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) வைத்துக்கொள்ளாத எந்தச் சிக்னலும், இயல்பான விளைவு மரணமாக இருந்தாலும், அதைத் தீண்டாது. கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் பத்து நொடி சும்மா காத்திருந்துவிட்டுப் பிறகு சட்டென்று சாகும் அனுபவம் டாக்கர் பயன்படுத்தும் எல்லோருக்கும் இருக்கும். சிக்-டெர்முக்குக் கையாளுநர் எழுதப்படாத நிரல் பிஐடி 1 ஆக ஓடுவதால், அந்தச் சிக்-டெர்மைக் கெர்னலே வீசியெறிந்துவிடுகிறது. பத்து நொடி கழித்து வெளியிலிருந்து வரும் சிக்-கில்தான் வேலையை முடிக்கிறது.

வெளியிலிருந்து என்ற சொல் இங்கே முக்கியம். சிக்-கில் (கொல்லும் சிக்னல்), சிக்-ஸ்டாப் (நிறுத்தும் சிக்னல்) ஆகிய இரண்டையும் எந்த நிரலும் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கன்டெய்னரின் பிஐடி 1-ஐப் பொறுத்தவரை அவையும் உள்ளேயிருந்து வந்தால் செல்லாது. அனுப்புகிறவர் அந்தப் பெயர்வெளிக்குள் ஓர் எண் இல்லாதவராக, அதாவது தாய்ப் பெயர்வெளியைச் சேர்ந்தவராக இருந்தால் மட்டுமே கெர்னல் அவற்றை வலுக்கட்டாயச் சிக்னலாகக் கருதி உள்ளே விடும். அப்படி இல்லாவிட்டால் ஹோஸ்டின் நிர்வாகிக்குக்கூடக் கன்டெய்னரைக் கொல்ல வழி இருக்காது. ஆகவே கொல்ல முடியாத என்ற அடைமொழி முழுமையானது அல்ல. யாரால் கொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இந்த விதியைக் கெர்னல் இரண்டு வாசல்களில் காவல் வைத்து நிறைவேற்றுகிறது. முதல் வாசல் சிக்னலை அனுப்பும் இடத்தில் இருக்கிறது: பெறுகிறவர் இதை எப்படியும் புறக்கணிக்கத்தான் போகிறார் என்றால் அதை வரிசையிலேயே சேர்க்காமல் அங்கேயே கொட்டிவிடுவார்கள். இரண்டாவது வாசல் சிக்னலைப் பெறும் இடத்தில், செயல்முறை பயனர் நிலைக்குத் திரும்பும் முன் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் நிரல்பகுதியில் இருக்கிறது. இங்கே உள்ள விதி சற்று வித்தியாசமானது: அன்கில்லபிள் பிட் இருந்து, கையாளுநர் இல்லாவிட்டால், சிக்னலைத் தூக்கியெறி, ஆனால் அது சிக்-கில் அல்லது சிக்-ஸ்டாப் என்றால் எறியாதே. அவை இவ்வளவு தூரம் வந்துவிட்டன என்றால், முதல் வாசலில் விசாரித்து விடப்பட்டிருக்க வேண்டும், அதாவது வெளியிலிருந்தோ கெர்னலிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை.

டிரேஸ் செய்வது இந்த நம்பிக்கையைத்தான் குலைக்கிறது. கெர்னல் தரும் பிட்ரேஸ் என்ற வசதி வழியாக ஒரு செயல்முறையைப் பின்தொடரும் டிரேசருக்கு, அதற்கு வரும் எல்லாச் சிக்னல்களும் தெரிய வேண்டும். அது புறக்கணிக்கும் சிக்னல்கள்கூட. எனவே முதல் வாசலில் ஒரு விலக்கு எழுதப்பட்டது: பெறுகிறவர் டிரேஸ் செய்யப்படுகிறார் என்றால் எதையும் கொட்டாதே, வரிசையில் சேர்த்துவிடு. டிரேசர் பார்த்து, வேண்டுமானால் விழுங்கட்டும், வேண்டுமானால் மீண்டும் செலுத்தட்டும். மீண்டும் செலுத்தப்பட்டாலும் இரண்டாவது வாசல் இருக்கிறதே என்பது எண்ணம். சாதாரணச் சிக்னல்களுக்கு இது சரியாகவே வேலை செய்கிறது. முதல் வாசலை நம்பியே இரண்டாவது வாசலில் விடப்படும் இரண்டு சிக்னல்களுக்குத்தான் ஓட்டை.

2.6.26 கெர்னலுக்கு முன் இந்தச் சிக்கலே எழவில்லை, ஏனென்றால் பிஐடி 1-ஐ டிரேஸ் செய்ய அனுமதியே கிடையாது. 2008-இல் கெர்னல் உருவாக்குநர் ஓலெக் நெஸ்டெரொவ் அந்தத் தடையை நீக்கினார். இனிட் எதிர்பார்த்தபடி நடக்காதபோது ஏன் என்று கண்டுபிடிக்க எஸ்ட்ரேஸும் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளான சிஸ்டம் கால்களை அச்சிடும் கருவி) ஜிடிபியும் மிகவும் உதவும் என்பது அவர் சொன்ன காரணம். அது நியாயமான காரணம்தான். டிரேசருக்கு முழு அதிகாரம் உண்டு, வேண்டுமென்றே இனிட்டைக் கவிழ்த்தால் கணினியே கவிழும், அது நிர்வாகி அறிந்து செய்ய வேண்டியது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதினார். ஆனால் தற்செயலாக அந்த பிட் தொலைந்துபோய் இனிட் சாகவோ நிற்கவோ வாய்ப்பில்லை என்றும் அதே குறிப்பில் இருந்தது. அந்த வாக்கியம் தவறு என்று எழுத்தில் நிரூபணமாக ஒன்பது ஆண்டுகள் ஆயின. சிக்னல் நிரலை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிக்னல் நிரல் இருக்கும் கோப்பு அவ்வளவு சிக்கலானது.

பிட் தொலையும் முதல் வழியை ஒரு மெய்நிகர் கணினியில் நீங்களே பார்க்கலாம். உண்மையான சர்வரில் வேண்டாம். 2017-க்கு முந்திய கெர்னல் ஒன்றை ஏற்றி, ஒரு டெர்மினலில் பிஐடி 1-க்கு இடைவிடாமல் சிக்-ஸ்டாப் அனுப்பும் ஒரு வரி வளையத்தை ரூட் ஆக ஓட விடுங்கள். எதுவும் நடக்காது, முதல் வாசலிலேயே அத்தனையும் கொட்டப்படுகின்றன. இப்போது இன்னொரு டெர்மினலில் எஸ்ட்ரேஸை பிஐடி 1-இன் மேல் பொருத்துங்கள். டிரேஸ் தொடங்கியதும் முதல் வாசலின் விலக்கு அமலுக்கு வந்து சிக்-ஸ்டாப் வரிசையில் நுழைகிறது, எஸ்ட்ரேஸ் அதை அச்சிட்டுவிட்டு மீண்டும் செலுத்துகிறது, இரண்டாவது வாசல் அதை எறிவதில்லை, இனிட் நின்றுவிடுகிறது. எஸ்ட்ரேஸையும் வளையத்தையும் நிறுத்திய பிறகும் இனிட் நின்றபடியே இருக்கும். சிக்-கண்ட் (தொடரச் சொல்லும் சிக்னல்) அனுப்பினால் எழுந்து ஓடும். இதுவரை நடந்தது ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது. அதற்குப் பிறகு, டிரேசர் யாருமே இல்லாத நிலையில், மறுபடி ஒரே ஒரு சிக்-ஸ்டாப் அனுப்பிப் பாருங்கள். இனிட் மீண்டும் நின்றுவிடும். இதுதான் எதிர்பாராதது, பிட் போய்விட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

காரணம் நிரலில் ஒரு சமக்குறி. செயல்முறையின் எல்லாத் திரெட்டுகளும் நின்றுவிட்டன என்று பதிவு செய்யும் இடத்தில், ஃபிளாக் புலத்தோடு நின்றது என்ற பிட்டைச் சேர்ப்பதற்குப் பதிலாக, அந்தப் புலத்தின் மதிப்பே அந்த பிட் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சிக்-கண்ட் வந்து மீண்டும் ஓடத் தொடங்கும் இடத்திலும் அப்படியே. புலத்தில் அதுவரை இருந்த மற்ற எல்லா பிட்டுகளும், அன்கில்லபிள் உட்பட, துடைக்கப்பட்டுவிடும். சாதாரணச் செயல்முறைக்கு அந்த நேரத்தில் வேறு எந்த பிட்டும் இருக்காது என்பதால் பல ஆண்டுகள் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இனிட் ஒருபோதும் நிற்காது என்ற காலத்தில் எழுதப்பட்ட வரி, இனிட்டும் நிற்கலாம் என்ற காலத்திலும் மாறாமல் இருந்தது. 2017 ஜனவரியில் ஜேமி ஐல்ஸ் என்ற இன்னொரு உருவாக்குநர் இதைத் திருத்தினார்: நிற்பது, தொடர்வது தொடர்பான பிட்டுகளுக்கு மட்டும் ஒரு முகமூடி வரையறுத்து, அவற்றை மட்டும் அழித்துப் புதிய மதிப்பை ஏற்றும் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதி, நேரடி ஒதுக்கல்கள் இருந்த இடங்களில் அதைப் பொருத்தினார். இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் மேலே சொன்ன சோதனையில் இனிட் ஒரு முறை நிற்கத்தான் செய்யும். ஆனால் எழுந்த பிறகு பழையபடி பாதுகாப்போடு இருக்கும்.

உங்களுக்கு நேர்ந்தது இந்த வழியாக அல்ல, இரண்டாவது வழியாக. ஜிடிபி ஒரு பிரேக்பாயின்ட் வைக்கும்போது எக்ஸ்86 கணினியில் அந்த முகவரியில் உள்ள கட்டளையின் முதல் பைட்டை இன்ட்-3 என்ற ஒற்றை பைட் கட்டளையாக மாற்றிவிடுகிறது. நிரல் அங்கே வந்ததும் சிபியு பொறியில் விழுந்து கெர்னலுக்குள் வருகிறது. கெர்னல் அந்தச் செயல்முறைக்கே சிக்-டிராப் என்ற சிக்னலை வலிந்து அனுப்புகிறது. வலிந்து அனுப்புவது என்பது தனி ஃபங்ஷன். அது எதற்காக இருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால் அதில் உள்ள ஒரு வரி புரியும். ஒரு நிரல் இல்லாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். சிக்-செக்வ் அனுப்பப்படும். அதை நிரல் புறக்கணித்தாலோ தடுத்து வைத்திருந்தாலோ, அதே கட்டளைக்குத் திரும்பி மறுபடி அதே தவறில் விழும், இப்படியே முடிவில்லாமல். ஆகவே வலிந்து அனுப்பும்போது, தடுப்பு இருந்தால் நீக்கி, புறக்கணிப்பு இருந்தால் இயல்புநிலைக்கு மாற்றி, கையாளுநர் இல்லை என்றால் அன்கில்லபிள் பிட்டையும் அழித்துவிடுகிறது. பிட் இருந்தால் இரண்டாவது வாசல் சிக்-செக்வை எறிந்துவிடும், இனிட் ஒரே கட்டளையில் சுழன்றுகொண்டே கிடக்கும். அதைவிடச் செத்துப்போவது மேல். இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்தது என்ற செய்தியோடு கெர்னல் பேனிக் ஆகி நின்றால் குறைந்தபட்சம் யாராவது வந்து பார்ப்பார்கள்.

அந்தத் தர்க்கத்தில் குற்றமில்லை. ஆனால் அதே ஃபங்ஷன் வழியாகவே பிரேக்பாயின்ட்டின் சிக்-டிராப்பும் போகிறது. எந்தச் சாதாரண நிரலும் சிக்-டிராப்புக்குக் கையாளுநர் வைத்துக்கொள்வதில்லை. எனவே பிட் அழிக்கப்படுகிறது. சிக்னல் வரிசையில் சேர்கிறது. ஜிடிபி அதைப் பார்த்து, இது என் பிரேக்பாயின்ட் என்று விழுங்கிவிடுகிறது. நிரல் எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறது. சாகப் போகிறவனுக்காக அவிழ்த்த கட்டு, அவன் சாகாமல் எழுந்து நடந்த பிறகும் அவிழ்ந்தபடியே கிடக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டின் சிக்-டெர்ம் அடுத்த நாள் வந்தபோது, கெர்னலின் கண்ணுக்கு அது கையாளுநர் இல்லாத, பாதுகாப்பும் இல்லாத ஒரு சாதாரணச் செயல்முறை. அது இறந்ததும் பெயர்வெளியில் இருந்த மற்ற அனைத்தும் சிக்-கில் வாங்கின.

இதற்கான திருத்தத்தையும் ஜேமி ஐல்ஸே 2017 ஆகஸ்ட்டில் கொடுத்தார்: கையாளுநர் இல்லை என்பதோடு, டிரேசரும் இல்லை என்றால் மட்டுமே பிட்டை அழி. டீபக் செய்துவிட்டுப் போனால் இனிட் கொல்லத்தக்கதாக மாறியிருக்கும் என்று எந்தப் பயனரும் எதிர்பார்க்கமாட்டார் என்பதை நிரலிலேயே கருத்துரையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதன் பக்க விளைவு ஒன்றை நீங்கள் எதிர்கொள்ளக்கூடும். டிரேஸ் செய்யப்படும் பிஐடி 1 உண்மையாகவே தவறான முகவரியைத் தொட்டு, ஜிடிபியும் அந்தச் சிக்-செக்வைத் தொடர்ந்து செலுத்தினால், இரண்டாவது வாசல் அதை எறிந்துவிடும். நிரல் அதே கட்டளைக்குத் திரும்பி மறுபடி விழும். ஜிடிபி மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை தொடரச் சொன்னாலும் அதே இடம், அதே முகவரி. இது ஜிடிபியின் கோளாறு அல்ல. விலகிவிட்டால் டிரேசர் இல்லை என்பதால் அடுத்த தவறில் பிட் அழிந்து செயல்முறை இறந்துவிடும்.

மூன்றாவது ஓட்டை பிட் தொலைவதைப் பற்றியது அல்ல. பிட் பத்திரமாக இருக்கும்போதே, டிரேஸ் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், உள்ளேயிருந்து வரும் சிக்-கில் இரண்டு வாசல்களையும் கடந்துவிடும்: டிரேஸ் விலக்கால் முதலாவதையும், சிக்-கில் என்பதால் இரண்டாவதையும். டிரேசருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அந்த விலக்கு? சிக்-கில் டிரேசருக்கு அறிவிக்கப்படுவதே இல்லை. பிட்ரேஸின் அடிப்படை விதி அது. சிக்-கில் தவிர்த்த சிக்னல்கள் மட்டுமே டிரேசரிடம் போய் நிற்கும். ஆக, யாருக்கும் பயனில்லாத ஒரு விலக்கு. நெஸ்டெரொவ் 2017 இறுதியில் எழுதி 4.15-இல் சேர்ந்த மூன்று திருத்தங்களில் முதலாவது, அந்த விலக்கிலிருந்து சிக்-கில்லை நீக்கியது. சிக்-ஸ்டாப்பை அவர் நீக்கவில்லை. காரணம், டீபக்கர் ஒரு செயல்முறையைப் பழைய முறையில் பொருத்தும்போது கெர்னல் அதற்கு ஒரு சிக்-ஸ்டாப்தான் அனுப்பி நிறுத்துகிறது. அதையும் முதல் வாசலில் கொட்டினால் பிஐடி 1-இன் மேல் ஜிடிபியைப் பொருத்தவே முடியாமல் போகும். எனவே டிரேஸ் ஓடும்போது உள்ளேயிருந்து வரும் சிக்-ஸ்டாப், டிரேசர் விழுங்காவிட்டால், பிஐடி 1-ஐ நிறுத்தும். இது முழுத் தூய்மையான நிலை அல்ல என்பது அவருக்கே தெரியும். ஆனால் குறுக்கிட்டுத் தடுக்க டிரேசர் என்று ஒருவர் அங்கே இருக்கிறார். எனக்கும் அது போதுமென்றே படுகிறது.

அந்த மூன்றில் கடைசித் திருத்தம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நெருக்கமானது. ஒரு செயல்முறை முழுவதையும் கொல்லும் வேலை தொடங்கும் இடத்தில், அன்கில்லபிள் பிட் இருந்தால் தொடங்காதே என்று கூடுதலாக ஒரு சோதனை இருந்தது. பார்க்கப் பாதுகாப்பானதுபோல் தோன்றும் சோதனை. ஆனால் சிக்-கில் ஏற்கெனவே வரிசையில் ஏறிவிட்ட பிறகு இந்தச் சோதனை கொல்லும் வேலையைத் தள்ளிப்போட்டால், கெர்னலின் ஒரு பகுதிக்கு இந்தச் செயல்முறை சாகப்போகிறது, இன்னொரு பகுதிக்குச் சாகப்போவதில்லை என்ற நிலை உருவாகிறது. புதிய பிஐடி பெயர்வெளியில் ஒரு செயல்முறையை உருவாக்கி, அதை டிரேஸ் செய்து, சிக்-ஸ்டாப்பைச் செலுத்தியபடி விலகி, உடனே வெளியிலிருந்து சிக்-கில் அனுப்பினால், நிற்பது பற்றிய நிரல் தனக்குள் முரண்பட்டு எச்சரிக்கை அச்சிடும். சிஸ்காலர் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளின் உலகில் இத்தகைய சேர்க்கைகள்தாம் வெளிவருகின்றன. மனிதர் யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்துபார்ப்பது அரிது.

எச்சரிக்கை அச்சிடுவதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நிரல் எந்த சிஸ்டம் கால்களைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டி ஒரு சிஸ்டம் காலை டிரேசரின் முடிவுக்கு விடும்போது, டிரேசரிடம் அறிவிக்கும் நேரத்தில் செயல்முறைக்குச் சாவு வந்துவிட்டால், டிரேசர் அதைப் பார்க்காமலேயே போகலாம். அதற்காக, சாவு நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த சிஸ்டம் காலை நடத்தாமல் தவிர்த்துவிட வேண்டும் என்று செக்காம்ப் நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன முரண்பட்ட நிலையில், பெயர்வெளியின் முதல் செயல்முறைக்கு அந்தச் சோதனை பொய்யான விடை கொடுக்கும். டிரேசர் அனுமதிக்காத ஒரு சிஸ்டம் கால் நடந்துவிடக்கூடும். பாதுகாப்புக்காக வைத்த சோதனை பாதுகாப்பையே உடைத்த கதை. கொல்லும் வேலை தொடங்கும் இடத்தில் இருந்த அந்த அன்கில்லபிள் சோதனையை நெஸ்டெரொவ் எடுத்துவிட்டார். முதல் வாசலில் சரியாக முடிவெடுத்துவிட்டால் பிறகு எங்கும் கேட்க வேண்டியதில்லை. சிக்-கில் உள்ளே வந்துவிட்டது என்றால் அது கொல்லத்தான் வந்திருக்கிறது.

கெர்னல் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: டிரேஸ் செய்வது ஒரு செயல்முறையைப் பற்றிய செய்தியை இன்னொருவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு மட்டுமே, அந்தச் செயல்முறையை யார் கொல்லலாம் என்ற உரிமையை அது மாற்றக் கூடாது. டிரேசர் தன் கையால் அதைக் கவிழ்த்தால் அது வேறு. அறிவிப்பதற்காகக் கொடுத்த விலக்கு அறிவிக்கவே முடியாத சிக்னலுக்கும் பொருந்தியதும், சாவதற்காக அழித்த பிட் சாகாதவனுக்கும் அழிந்ததும் இந்த எல்லை குழம்பியதால் வந்தவை. பின்னர் 4.20-இல் எரிக் பைடர்மன் இன்னும் ஒரு படி மேலே போய், கணினியின் உண்மையான இனிட்டுக்கு மட்டும், பிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிக்-கில்லும், டிரேஸ் இல்லாதபோது சிக்-ஸ்டாப்பும் செல்லாது என்று தனி விதியாகவே எழுதிவிட்டார். கன்டெய்னரின் பிஐடி 1-க்கு அந்தச் சலுகை இல்லை, இருக்கவும் முடியாது.

இதே தலைப்பில் பலர் கேட்பது இதற்கு நேர் எதிரான குறையை: சாதாரணச் செயல்முறைதான், டிரேஸ் செய்யப்படுகிறது, கில் -9 (சிக்-கில் அனுப்பும் கட்டளை) கொடுத்தும் போகமாட்டேன் என்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கன்டெய்னரை மறுபடி தொடங்கும்போது இதில்தான் மாட்டப்போகிறீர்கள்.

டிரேசரால் நிறுத்தி வைக்கப்பட்ட செயல்முறை, பிஎஸ் கட்டளை காட்டும் செயல்முறைப் பட்டியலில் சிறிய டி என்ற எழுத்தோடு தெரியும். சிக்-கில் வந்தால் எழுந்து சாக வேண்டும் என்ற குறிப்பு அந்த நிலையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு மிகச் சிறிய விதிவிலக்கு உண்டு: டிரேசர் அதன் ரெஜிஸ்டர்களைப் படித்துக்கொண்டோ மாற்றிக்கொண்டோ இருக்கும் அந்தக் கண நேரத்துக்குக் கெர்னல் அதை உறையவைத்து, சிக்-கில்லாலும் எழுப்ப முடியாதபடி செய்துவிட்டு, வேலை முடிந்ததும் விடுவிக்கிறது. 2013-க்கு முன் இப்படி உறையவைக்கும் ஏற்பாடு இல்லை. டிரேசர் ரெஜிஸ்டர்களை எழுதும்போதே சிக்-கில்லால் செயல்முறை எழுந்து ஓடத் தொடங்கினால், ஓடிக்கொண்டிருப்பதன் கெர்னல் ஸ்டாக்கில் எழுதுவதாக ஆகிவிடும்; அதை வைத்து ரூட் அதிகாரம் பெறலாம் என்று காட்டப்பட்ட பிறகே அந்தப் பூட்டு வந்தது. இந்தக் கொல்ல முடியாமை யாருடைய கண்ணுக்கும் தெரியாது, அவ்வளவு குறுகியது.

கண்ணுக்குத் தெரிவது ஜாம்பி, அதாவது செத்தும் பட்டியலிலிருந்து நீங்காத செயல்முறை. டிரேஸ் செய்யப்படும் செயல்முறைக்குக் கெர்னலில் இரண்டு பெற்றோர்: பெற்றவர் ஒருவர், டிரேசர் இன்னொருவர். செயல்முறை இறந்ததும் அந்தச் சாவை முதலில் டிரேசர் வெயிட் செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும்; அதுவரை பெற்றவரால் அதை அப்புறப்படுத்த முடியாது. ஜிடிபியைக் கன்ட்ரோல்-இசட் போட்டு நிறுத்திவிட்டு மறந்துவிட்டால், கில் -9 தன் வேலையைச் செய்துவிட்டிருக்கும், ஆனால் பட்டியலில் பெயர் இருந்துகொண்டே இருக்கும். செத்ததைத் திரும்பத் திரும்பக் கொல்வதில் பயனில்லை. செயல்முறைகளைப் பற்றிக் கெர்னல் தகவல் தரும் ப்ராக் கோப்புமுறையில் அந்தச் செயல்முறையின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, டிரேசர்-பிஐடி என்ற வரியைப் பாருங்கள். சுழியம் அல்லாத எண் இருந்தால் அதுதான் நீங்கள் தேட வேண்டிய ஆள். அந்த டிரேசரைத் தொடர விடுங்கள், அல்லது அதைக் கொல்லுங்கள். டிரேசர் வெளியேறும்போது கெர்னல் அதன் பிடியில் இருந்தவற்றை விடுவித்து, ஜாம்பியைப் பெற்றவரிடம் ஒப்படைத்துவிடும்.

கன்டெய்னரில் இது இன்னும் விசித்திரமாகத் தோன்றும். பிஐடி 1 இறக்கும்போது தன் பெயர்வெளியில் உள்ள எல்லாவற்றுக்கும் சிக்-கில் அனுப்பிவிட்டு, அவை அத்தனையும் அப்புறப்படும்வரை, வெளியேறும் பாதையின் நடுவிலேயே காத்து நிற்கிறது. அவற்றுள் ஒன்றை ஹோஸ்டிலிருந்து ஒரு ஜிடிபி பிடித்திருந்து, அந்த ஜிடிபி தூங்கிக்கொண்டிருந்தால், பிஐடி 1-உம் போகாது. பட்டியலில் பெரிய எஸ் என்று, ஏதோ சாவகாசமாகத் தூங்குவதுபோல் தெரியும். வெளியிலிருந்து எத்தனை சிக்-கில் அனுப்பினாலும் அசையாது, ஏனென்றால் அது ஏற்கெனவே சாவுப் பாதையில் பாதி தூரம் போய்விட்டது. கன்டெய்னர் இயக்கி இதைப் பார்த்துக் குழம்பும். நிர்வாகி கணினியை ரீபூட் செய்வார். ரீபூட் தேவையில்லை. உள்ளே இருந்த செயல்முறைகளுள் எதன் டிரேசர்-பிஐடி சுழியம் இல்லை என்று ஹோஸ்டிலிருந்து தேடி, அந்த டிரேசரை முடித்துவைத்தால் போதும்.

இனி உங்கள் கணினிக்கு. அன்கில்லபிள் பிட் இருக்கிறதா இல்லையா என்பதை ப்ராக் கோப்புகள் எதுவும் காட்டுவதில்லை. ஸ்டாட் கோப்பில் இருக்கும் ஃபிளாக் வேறு புலம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிட் ஒருமுறை போனால் திரும்ப ஏற்றும் வழியும் இல்லை என்பதால், பழைய கெர்னலில் பிஐடி 1-இன் மேல் பிரேக்பாயின்ட் வைத்திருந்தால் வேலை முடிந்ததும் அந்தக் கன்டெய்னரை மறுபடி தொடங்குவதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெறும் எஸ்ட்ரேஸ் ஓட்டியிருந்தால், இடையில் சிக்-ஸ்டாப் எதுவும் வராதவரை கவலையில்லை. சிஸ்டம் கால் நிறுத்தங்கள் வலிந்து அனுப்பும் ஃபங்ஷன் வழியாகப் போவதில்லை. 4.15 அல்லது அதற்குப் பிந்திய கெர்னலில் மேலே சொன்ன மூன்று ஓட்டைகளும் அடைபட்டிருக்கின்றன. விநியோக நிறுவனங்கள் பழைய எண்ணோடே புதிய திருத்தங்களைப் பின்கொண்டுவந்து சேர்ப்பதால், 3.10 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மெய்நிகர் கணினியில் அதே கெர்னலை ஏற்றி மேலே சொன்ன சிக்-ஸ்டாப் சோதனையையும் பிரேக்பாயின்ட் சோதனையையும் செய்து பார்ப்பதே நம்பகமானது.

கெர்னலை மாற்ற முடியாத இடத்தில், உங்கள் நிரலை பிஐடி 1 ஆக ஓடவிடாதீர்கள். டினி போன்ற சிறிய இனிட் ஒன்றை முன்னே நிறுத்தினால் உங்கள் நிரலுக்கு வேறு எண் கிடைக்கும். அதை எவ்வளவு டீபக் செய்தாலும் பிஐடி 1-இன் பிட் தொடப்படாது. ஏதோ காரணத்தால் பிஐடி 1-ஐத்தான் பார்க்க வேண்டும் என்றால், பிரேக்பாயின்ட்டுக்குப் பதில் பெர்ஃப் என்ற கருவி வழியாக யூப்ரோப் (நிரலுக்குள் கெர்னலே வைக்கும் கண்காணிப்புப் புள்ளி) வையுங்கள். அதுவும் இன்ட்-3 கட்டளையைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் அந்தப் பொறியைக் கெர்னலே வாங்கி முடித்துவிடுவதால் சிக்-டிராப் என்ற பேச்சே எழாது. அதோடு, உங்கள் ஸ்கிரிப்ட் பிஐடி 1-க்கு எதற்காகச் சிக்-டெர்ம் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இத்தனை நாள் அது அனுப்பியதையெல்லாம் கெர்னல் கொட்டிக்கொண்டிருந்தது; அதை எழுதியவர் அப்படி நடக்கும் என்று நினைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை.